கொலுசில் அடித்திருக்கும் எண்ணுக்கு யார் பொறுப்பு?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு என்பது மாலை, சால்வை, குரூப் போட்டோவோடு முடிகிற விஷயம் இல்லை. முப்பது வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். வைத்து வளர்த்த மாமரத்தையும் பலாமரத்தையும் விட்டுவிட்டுப் போகிற வருத்தம் ஒரு பக்கம். மறுபக்கம் பரண், பீரோ, டிரங்குப் பெட்டி என்று எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுகிற வேலை. அந்தக் கொட்டலில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு சுருக்குப் பை அகப்படும். உள்ளே கறுத்துப்போன வெள்ளிச் சாமான்கள்.

பிய்ந்த கொலுசு ஒரு ஜோடி. பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிய பாலாடை. முதல் பிறந்தநாளுக்குப் போட்ட அரைஞாண். கல்யாணத்தில் வந்த குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், காமாட்சி விளக்கு. கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு வாங்கித் தந்த பிள்ளையார். அடியில் நாலைந்து ராஜா தலை ரூபாய்கள். துடைத்துப் பார்த்தால் ஒன்றில் 925 என்று இருக்கிறது. ஒன்றில் ஏதோ கடையின் இரண்டு எழுத்து. ஒன்றில் வெறும் 80. பாலாடையில் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மெயின் பஜாருக்கோ வடலூருக்கோ பண்ருட்டிக்கோ போனால், கடைக்காரர் தராசில் மொத்தமாக வைத்து ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. தங்கம் என்றால் கேட்பார்கள். "வெள்ளி தானே" என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி விட்டுவிடுவதில் 2005-ல் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில்தான் இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., வெள்ளிக்கும் ஹால்மார்க் முத்திரையைக் கொண்டுவந்தது (தங்கத்துக்கு 2000-லேயே வந்துவிட்டது). அப்போது வெள்ளி விலை கிராம் 11 ரூபாய் பக்கம். கிலோ வாங்கினாலும் பதினோராயிரம் சொச்சம். சரியாக 20 வருடம் கழித்து, 2025 அக்டோபரில், சென்னையில் கிராம் 200 ரூபாயைத் தாண்டியது. இந்த இரண்டு விலைகளையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு கொலுசின் கணக்கைப் பார்க்கலாம்.

நகைத் தொழிலில் "டச்" என்று ஒரு வார்த்தை உண்டு. நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 92 டச் என்றால் 100 கிராமில் 92 கிராம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது, கொலுசாகப் போட்டால் சீக்கிரம் நெளியும், தேயும். அதனால் ஏதாவது கலந்தே ஆக வேண்டும். கலப்பதில் தப்பே இல்லை. எவ்வளவு கலந்தது என்று சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். கடைத்தெருவில் 70 டச், 80 டச் கொலுசுகள் சர்வசாதாரணம். அதற்குக் கீழேயும் உண்டு.

இப்போது 75 டச் கொலுசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 100 கிராம். அன்றைய வெள்ளி விலை எதுவோ, அதை அப்படியே எடையோடு பெருக்கி பில் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று போர்டும் தொங்கும். கூலி இல்லாமல் யார் கொலுசு செய்வார்கள்? கூலி அந்த 25 கிராமில் ஒளிந்திருக்கிறது. 75 கிராம் வெள்ளியைக் கொடுத்து 100 கிராமுக்குக் காசு வாங்கினால், நடுவில் நிற்கும் 25 கிராமின் விலைதான் செய்கூலி, சேதாரம், லாபம் எல்லாம்.

2005-ல் அந்த 25 கிராமின் விலை 275 ரூபாய். ஒரு ஜோடி கொலுசைக் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, மெருகு போடுகிற உழைப்புக்கு அது அநியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவரும் சொல்லவில்லை, ஆனால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. 200 ரூபாய் விலையில் அதே 25 கிராம் 5,000 ரூபாய்! கொலுசு செய்கிறவரின் கூலி 18 மடங்கு ஏறியிருக்கிறதா என்று எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஏறிய விலை முழுவதும் பட்டறைக்குப் போகவில்லை. பழைய சமரசம் விலை ஏற்றத்தில் உடைந்துபோய்விட்டது. ஆனால் பில்லில் இன்றும் "வெள்ளி கொலுசு, இவ்வளவு கிராம், இவ்வளவு ரூபாய்" என்று மூன்று விவரத்தோடு முடிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தரம் பார்த்து விலை சொல்வது என்றால் என்ன என்று நெய்வேலிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஊரே ஒரு கனிமத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1956-ல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே வெட்டி எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். எரித்தால் கிடைக்கும் வெப்பம் நல்ல கறுப்பு நிலக்கரியில் கிடைப்பதைவிட வெகு குறைவு. அதற்காக இதைப் போலி நிலக்கரி என்று யாரும் சொல்வதில்லை. ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை கலோரி என்று ஆய்வகத்தில் அளந்து, அந்த எண்ணுக்குத் தக்கபடி கொதிகலனை வடிவமைத்தார்கள். தரம் குறைந்த பொருளையும் அதன் உண்மையான எண்ணோடு ஒப்புக்கொண்டதால்தான் மின்சாரம் வந்தது. அந்த ஆய்வகத்தில் நாள் முழுக்க மாதிரி எடுத்து அளக்கிறவர் சாயங்காலம் மனைவியோடு கடைக்குப் போய், கொலுசைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு" என்று சொல்லி வாங்கி வருவார்.

சரி, முத்திரைக்கு வருவோம். 925, 80, 999 என்று பொருளின் மேல் இருப்பதெல்லாம் ஒரு அச்சுக்குத்தியால் அடித்த எண்கள். அந்தக் குத்தியை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், வாங்கிக்கொள்ளலாம். ஆகவே எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை?" அல்ல, "யார் அடித்தது?"

இந்தக் கேள்வியிலிருந்துதான் ஹால்மார்க் என்ற வார்த்தையே பிறந்தது. 1300-ல் இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வெள்ளிச் சாமான் நாணயத்தின் தரத்துக்குக் குறையக் கூடாது, சோதித்துப் பார்த்து சிறுத்தைத் தலை முத்திரை குத்தாமல் விற்கவும் கூடாது. முதலில் சோதிக்கிறவர்கள் பட்டறை பட்டறையாகப் போனார்கள். 1478-லிருந்து லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கூடத்துக்கே, அதாவது ஹாலுக்கே, பொருளைக் கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது. ஹாலில் போட்ட மார்க், ஹால்மார்க். ஸ்டெர்லிங் என்று சொல்லும் 92.5 சதவீதமும் அந்த ஊர் நாணயத் தரம்தான். செய்தவர் ஒருவர், சோதித்தவர் இன்னொருவர் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்.

அமெரிக்காவில் அரசுக் கூடத்தில் சோதனை என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் 1906-ல் வந்த சட்டமும் 1961-ல் அதில் செய்த திருத்தமும் சேர்ந்து ஒன்றைக் கேட்கின்றன. பொருளில் தர எண் போட்டால் பக்கத்திலேயே போட்டவரின் வணிக முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் எண் செல்லாது. பொய் என்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா?

தமிழர்களுக்கு இந்த யோசனை அந்நியமானதும் இல்லை. சங்கப் புலவர்களின் பெயர்களில் "வண்ணக்கன்" என்று ஒரு அடைமொழி வரும். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று. பொன், வெள்ளி நாணயங்களை நோட்டம் பார்த்துச் சொல்கிறவர் வண்ணக்கர். அது ஒரு தனித்தொழிலாக இருந்தது, பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மரியாதை இருந்தது. பொன்னின் தரத்தை "மாற்று" என்று எண்ணால் சொல்லும் பழக்கமும் பழையது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் மனிதர்களைக்கூடப் புகழ்கிறார்கள். வெள்ளிக்கு அப்படி ஒரு சொலவடை அமையாமல் போனது அதன் துரதிர்ஷ்டம்!

இந்தியாவில் இன்று வெள்ளியில் பார்க்க வேண்டியவை இவை. முக்கோண வடிவில் இருக்கும் பி.ஐ.எஸ். சின்னம் இருக்கிறதா என்பது முதலாவது. 2005-க்குப் பிறகு பல வருடங்கள் அந்தச் சின்னத்தோடு தூய்மை எண், சோதித்த மையத்தின் அடையாளம், கடையின் அடையாளம் ஆகியவை வந்தன. 2025 செப்டம்பர் 1 முதல் தங்கத்தில் இருப்பது போலவே ஆறு இலக்க அடையாளக் குறியீடு (எச்.யு.ஐ.டி. என்பார்கள், எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும்) வெள்ளிக்கும் வந்தது. சின்னத்தோடு ஆங்கிலத்தில் சில்வர் என்ற சொல், தூய்மை எண், ஆறு இலக்கக் குறியீடு. அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அடித்தால் எந்தக் கடைக்காக, எந்த மையத்தில் சோதித்தது, என்ன பொருள், என்ன தூய்மை என்ற விவரம் வரும். கையில் இருப்பது கொலுசு, செயலி மோதிரம் என்று சொன்னால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தூய்மை எண்கள் 800, 835, 925, 958, 970, 990, 999 என்று ஏழு. இவற்றில் 958-ம் 999-ம் 2025-ல் புதிதாகச் சேர்ந்தவை. ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று படிக்க வேண்டும். முத்திரை சொன்ன தூய்மை இல்லை என்று சோதனையில் தெரிந்தால், விற்ற எடைக்கு எவ்வளவு தூய்மை குறைந்ததோ அதன் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2018-ன் பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. "யார் பொறுப்பு" என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் இது. முக்கோணம் இல்லாத வெறும் 925-க்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கடைக்காரர் நல்லவராக இருந்தால் சரி, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பெரிய "ஆனால்" இருக்கிறது. தங்கத்துக்கு 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயம் ஆனது, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கக் குறியீடு இல்லாமல் அங்கே விற்கக் கூடாது என்றும் ஆனது. 2025-ல் வந்த வெள்ளித் திட்டமோ "விருப்பம் இருந்தால்" ரகம். விருப்பம் யாருக்கு இருக்கும்? 92.5 விற்கிறவருக்கு இருக்கும். முத்திரை அவருக்கு விளம்பரம். 70 டச் விற்கிறவருக்கு ஏன் இருக்கப்போகிறது? அவருக்கு விருப்பம் இருந்தாலும் வழி கிடையாது. பட்டியலின் கடைசிப் படி 800. அதற்குக் கீழே இருப்பதற்கு முத்திரை தரவே மாட்டார்கள்.

யார் காலில் எந்தக் கொலுசு கிடக்கிறது என்று யோசித்தால் இதன் விபரீதம் புரியும். சென்னை மாலில் பளபளக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் 925 மோதிரத்துக்கு முத்திரை கிடைக்கும். சுற்றுக் கிராமத்திலிருந்து சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வருகிறவர், தீபாவளிக்குக் கையில் வந்த பணத்தில் மகளுக்கு வாங்கும் கொலுசுக்குக் கிடைக்காது. அந்த வீட்டில் தாலியில் கோத்த குண்டுமணிப் பொன்னைத் தவிர இருக்கிற ஒரே சேமிப்பு அந்தக் கொலுசாக இருக்கலாம். யாருக்கு முத்திரை அதிகம் தேவையோ அவர்களைத் தொடாமலே திட்டம் தலைக்கு மேல் போகிறது.

இதற்குப் பதிலாக, "80-க்குக் கீழே விற்பதையே தடை செய்" என்று கோபமாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அடி விழும் இடம் சேலம். தமிழ்நாட்டில் கொலுசு என்றாலே சேலம்தான். செவ்வாய்பேட்டை, குகை, சிவதாபுரம் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் கம்பி இழுப்பவர், கண்ணி கோப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரே கொலுசு பல கை மாறுகிறது. பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலையும் இதில் நிறைய. பற்றவைக்கும் பொடியில் செம்பும் துத்தநாகமும் இருக்கும். கண்ணியும் முத்தும் அதிகமான கொலுசில் பற்றவைப்பும் அதிகம். கம்பி நல்ல 92 டச்சாக இருந்தாலும் முழுக் கொலுசையும் உருக்கிப் பார்த்தால் அந்த எண் வராது. இது மோசடி இல்லை, வேலையின் இயல்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் மேலிருந்து ஒரு தடை போட்டால் பெரிய இயந்திரத் தொழிற்சாலைகள் தப்பித்துக்கொள்ளும், திண்ணைகள் காலியாகும்.

தங்கத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. தங்கம் விலை ஏறி எளியவர்கள் 22 கேரட் வாங்க முடியாமல் போனபோது, 2025 ஜூலையில் 9 கேரட் தங்கத்தையும் ஹால்மார்க் பட்டியலில் சேர்த்தார்கள். 9 கேரட் என்றால் ஆயிரத்துக்கு 375 பங்குதான் தங்கம்! பாதிகூட இல்லை. அதற்கே முத்திரை கொடுத்து "இது 375, தெரிந்து வாங்கு" என்று சொல்ல முடிகிறது. வெள்ளிக்கு மட்டும் 800-க்குக் கீழே கண்ணை மூடிக்கொள்வானேன்? 700 என்று ஒரு படியைச் சேர்க்கலாம், வேண்டுமானால் 600 என்றும் ஒன்று. சேர்த்துவிட்டு, பிறகு முத்திரையைக் கட்டாயம் ஆக்கலாம். அப்போது 70 டச் கொலுசு 70 டச் விலைக்கு வரும், கூலி தனியாக பில்லில் ஏறும். சேலத்துக்காரரின் கூலி வெளிச்சத்துக்கு வந்தால் அவரும் அதைப் பேரம் பேசி உயர்த்திக்கொள்ளலாம். இப்போது அது வாங்குகிறவர் கண்ணுக்கும் தெரியாமல் நடுவில் எங்கேயோ கரைகிறது.

படி இறக்கினால் தரம் கெட்டுப் போகும், எல்லோரும் கீழ்ப்படிக்கே இறங்கிவிடுவார்கள் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அது முழுக்கத் தவறான பயமும் இல்லை. ஆனால் இறங்கவேண்டியவர்கள் முத்திரை இல்லாமலே இறங்கிவிட்டார்கள், அது எழுத்தில் இல்லை என்பதுதான் வித்தியாசம். முத்திரைக் கட்டணமும் ஒரு உருப்படிக்குச் சில பத்து ரூபாய்தான். 5,000 ரூபாய் இடைவெளிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. குண்டூசி கனத்தில் இருக்கும் மெட்டிக்கு அது பாரம் என்றால், தங்கத்தில் 2 கிராமுக்குக் கீழே விலக்கு இருப்பது போல இதிலும் ஒரு எடை வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியாதா? இணையத்தில் இதற்குக் குறிப்புகள் கொட்டிக்கிடக்கின்றன. பெரும்பாலானவை பாதி உண்மை. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அது சரி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று ஆகாது. செம்பு, பித்தளை, அலுமினியம் எதிலும்தான் காந்தம் ஒட்டாது. பனிக்கட்டி வைத்தால் வெள்ளியில் சீக்கிரம் உருகும் என்பார்கள். செம்பிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் உருகும். கறுத்துப் போனால் போலி என்பது நெய்வேலியில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு. வெள்ளியைக் கறுக்க வைப்பது முக்கியமாகக் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள். வியர்வையும் சேர்ந்து கெடுக்கும். சுத்த வெள்ளியும் கறுக்கும், கலப்பு வெள்ளியும் கறுக்கும். நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல கொலுசுதான் தண்டனை வாங்கும்.

உருப்படியான வீட்டுச் சோதனை என்றால் ஆர்க்கிமிடீஸ்தான். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. நகைக்கடைத் தராசு ஒன்று கிடைத்து, பொருளைக் காற்றிலும் தண்ணீரில் தொங்கவிட்டும் எடை போட்டால், காற்றில் கண்ட எடையை எடைக் குறைவால் வகுக்க அடர்த்தி வந்துவிடும். 925 வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். கிண்ணம், தட்டு மாதிரி உள்ளீடு இல்லாத பொருளுக்குத்தான் இது சரி. முத்துக்குள் காற்றோ அரக்கோ இருக்கும் நகைக்கு ஒத்துவராது.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட்டில் குளோரைடு சேர்த்ததும் தயிர் போல வெள்ளை வீழ்படிவு விழுந்தது நினைவிருக்கிறதா? வெள்ளியின் தூய்மையைத் துல்லியமாகச் சொல்லும் ஆய்வகச் சோதனைகளின் அடிப்படை அதேதான். சுரண்டி எடுத்த மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புக் கரைசலை அளந்து அளந்து விட்டு, வெள்ளி முழுவதும் எப்போது படிந்து தீர்கிறது என்று பார்ப்பது. பஜாரில் "கம்ப்யூட்டர் டெஸ்டிங்" என்று போர்டு மாட்டியிருக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் வேறு. அது ஒரு நிமிடத்தில் எண் சொல்லும், பொருளைச் சேதப்படுத்தாது, நல்ல கருவிதான். ஆனால் மேல்தோலை மட்டும் பார்க்கும். மேலே கனமாக வெள்ளி முலாம் பூசியிருந்தால் முலாமின் எண்ணைத்தான் படிக்கும்.

அந்தச் சுருக்குப் பையில் இருந்த பிள்ளையாரை இங்கே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பரிசுப் பொருளாகக் கைமாறும் பல "வெள்ளி" சாமி சிலைகளில் உள்ளே இருப்பது ரெசின். மேலே மெல்லிய வெள்ளித் தகடு. அடியில் 999 என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யும் இல்லை, ஏனென்றால் அந்தத் தகடு உண்மையிலேயே 999-ஆக இருக்கலாம். தகட்டின் எடையை மட்டும் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள்! ஜெர்மன் சில்வர் இன்னொரு வேடிக்கை. கொலுவுக்கும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் இப்போது அடுக்கடுக்காக வாங்குகிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. வெள்ளி ஒரு துளிகூடக் கிடையாது. அழகுக்கு வாங்கினால் கேள்வியே இல்லை. வெள்ளி என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

பையின் அடியில் கிடந்த ரூபாய்களுக்கு நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் இருக்கிறது. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது 91.7 சதவீதம், தேயாத காசில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940-ல் அரசே டச்சைக் குறைத்துவிட்டது. அதே எடை, அதே ராஜா தலை, ஆனால் பாதிதான் வெள்ளி. 1947-ல் அதுவும் போய் நிக்கல் ரூபாய் வந்தது. ஆக, ஆறாம் ஜார்ஜ் காசில் வருடத்தைப் பார்க்காமல் விற்கக் கூடாது. எல்லாக் காசையும் "ராஜா காசு" என்று ஒரே விலையில் எடுப்பவரிடம் பழைய காசைக் கொடுத்தால் நஷ்டம், 1940-க்குப் பிந்தியதைக் கொடுத்தால் லாபம்! அரசாங்கம் செய்த கலப்படத்தில்கூட ஒரு நேர்மை இருந்தது, வருடம் காசின் மேலேயே அடித்திருந்தது. (சில வருடத்துக் காசுகளுக்குச் சேகரிப்பவர்கள் வெள்ளி விலையைவிட அதிகம் கொடுப்பார்கள், உருக்கும் முன் விசாரிப்பது நல்லது.)

எல்லாம் சரி, விற்கப் போகிறவர்களுக்குத்தானே இந்தக் கவலை என்று தோன்றலாம். அடகு வைக்கிறவர்களுக்கும்தான். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்கான புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. அதன்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகைகளை ஈடு வைக்கலாம். சிறு கடன்களுக்கு, அதாவது இரண்டரை லட்சம் வரை, மதிப்பில் 85 சதவீதம் வரை கடன் தரலாம். தூய்மையைச் சோதிக்கும்போது கடன் வாங்குகிறவர் எதிரிலேயே இருக்க வேண்டும், தூய்மை, மொத்த எடை, நிகர எடை, கழிவு எல்லாவற்றையும் எழுதிச் சான்றிதழ் தர வேண்டும். எளியவர்களின் வெள்ளிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருப்பது பெரிய விஷயம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 100 கிராம் கொலுசை, பிள்ளையின் காலேஜ் பீஸுக்காகக் கொண்டுபோய் நீட்டும்போதுதான் அது 65 டச் என்று முதன்முதலாகக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். வாங்கிய அன்று யாரும் சொல்லாத எண், கடன் கேட்கிற அன்று சபையில் வெளியாகும். அந்த எண்ணை விற்கிற இடத்திலேயே எழுத வைப்பதுதானே நியாயம்?

சட்டம் வரும்போது வரட்டும். கொலுசு வாங்குகிற யாரும் இன்றே ஒன்றைக் கேட்கலாம். "எத்தனை டச்? அதை பில்லில் எழுதிக் கொடுங்கள்." எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காமல் இருப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. எழுதிக் கொடுத்த பில்லை நகைப் பெட்டியிலேயே மடித்து வைத்தால், பத்து வருடம் கழித்து அதுவே ஒரு முத்திரை மாதிரிதான்.

குவார்ட்டர்ஸ் காலி செய்கிற வீட்டுக்காரர்கள் அந்தப் பையை மொத்தமாகத் தராசில் கொட்ட வேண்டாம். காசுகளை வருடம் பார்த்துத் தனியாகப் பிரிக்கவும். முக்கோணம் உள்ளது, எண் மட்டும் உள்ளது, ஒன்றுமே இல்லாதது என்று மற்றவற்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டு, தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லவும். எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிவிட்டால் நல்ல வெள்ளிக்கும் மட்டமானதன் விலைதான் பேசுவார்கள். பிள்ளையாரைப் புது வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாலாடையை மட்டும் விற்றுவிடாதீர்கள், பேரனோ பேத்தியோ வந்தால் தேடுவீர்கள்.